கடன் யாருடையது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சொல்வன்மை மிக்க நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

போர்க்களத்தில் புண்பட்டுத் திரும்பிய வீரனுக்கு எல்லைப்புற நிலத்தை வழங்கிய அரசுகள் நன்றிக்கடனைத் தீர்த்தனவா, பொறுப்பைத் தட்டிக்கழித்தனவா என்பது இன்றைய தலைப்பு. முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த வீரர் குடியேற்றத்தை முன்வைத்து, அது நன்றிக்கடனே என்று எனக்கு முன் பேசிய நண்பர் வாதாடினார். உதவித்தொகை மட்டும் கொடுத்தால் வீரன் கையேந்தி நிற்பான், நிலம் கொடுத்தால் தலைநிமிர்ந்து வாழ்வான் என்றார். அரசுகள் நல்லெண்ணத்தோடுதான் தொடங்கின, 1929 இறுதியில் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தமே எல்லாவற்றையும் கெடுத்தது என்றார். ஆளில்லாப் பள்ளத்தாக்குக்குக்கூடக் கான்கிரீட் பாலம் கட்டிக்கொடுத்த அரசா கைவிட்டது என்றும் கேட்டார். அந்தப் பாலத்துக்கு நான் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நன்றிக்கடன் என்றால் கடன்பட்டவர் யார்? உடலைக் கொடுத்தவன் வீரன். ஆகவே கடன்பட்டது நாடு. ஆனால் ஆஸ்திரேலியக் குடியேற்றத் திட்டத்தில் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவன் வீரன்தான். நிலத்துக்கு விலை உண்டு, வேலிக்கும் குதிரைக்கும் கலப்பைக்கும் கொடுத்த முன்பணத்துக்கு வட்டி உண்டு, தவணை தவறினால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு. கொடை என்று நண்பர் சொன்னது ஒரு கடன் ஒப்பந்தத்தை. நாடு பட்ட கடனை வீரன் தலையிலேயே எழுதிய கணக்கை நன்றி என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை, நடுவர் அவர்களே.

ஆஸ்திரேலியாவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் போருக்காகப் படையில் சேர்ந்தனர். 60,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. காயமுற்றோர், நச்சுவாயுவால் தாக்கப்பட்டோர், சிறைப்பட்டோர் ஆகியோரின் எண்ணிக்கை சுமார் 1,56,000. திரும்பியவர்களுள் ஏறக்குறைய 37,000 பேர் நிலத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் அனைவருமே புண்பட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வளவு பேர் உடல் கெட்டுத் திரும்பிய ஒரு நாட்டில், நுரையீரலில் வாயுவின் எரிச்சலும் செவிக்குள் குண்டுச் சத்தமும் தங்கிவிட்ட மனிதர்கள் அந்த வரிசையில் நின்றார்கள் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. தைத்து ஆறிய புண் கண்ணுக்குத் தெரியும். குண்டு அதிர்ச்சி என்று அன்று பெயரிட்ட மனநோய் விண்ணப்பத் தாளில் தெரியாது.

அப்படிப்பட்டவன் போய்ச் சேர்ந்த இடம் எது? விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கில் மேலி என்ற நிலப்பகுதி இருக்கிறது. கோதுமை வயல்கள் முடிந்து புதர்க்காடு தொடங்கும் விளிம்பு அது. மழை குறைவு, மண் மணற்பாங்கு. அங்கே வளரும் மேலி என்னும் யூகலிப்டஸ் வகைக்கு ஒற்றை அடிமரம் கிடையாது. மண்ணுக்கடியில் புடைத்த ஒரு வேர்க்கட்டையிலிருந்து பல தண்டுகள் கிளம்பும். பழைய நீராவிக் கொதிகலனைக் குதிரைகளோ மாடுகளோ பூட்டி இழுத்து, உருளையாக உருட்டிப் புதரைச் சாய்ப்பார்கள். கோடையில் காயவிட்டுத் தீ வைப்பார்கள். நிலம் கருகிக் கிடக்கும். வேலை முடிந்ததென்று நினைத்தால், வேர்க்கட்டை அத்தனையிலிருந்தும் மறுபடி தளிர் வரும். அதை வெட்ட வேண்டும், அடுத்த ஆண்டும் வெட்ட வேண்டும். அந்த வேர்களில் மோதி முறியாமல் எழும்பித் தாண்டிச் செல்வதற்கென்றே 1876-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஸ்மித் சகோதரர்கள் தனிக் கலப்பை ஒன்றை உருவாக்கினார்கள் என்றால், அந்த மண்ணின் குணத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். கலப்பை எழும்பி விழும் ஒவ்வொரு முறையும் அதன் அதிர்வு பிடித்திருப்பவன் தோளில் இறங்கும். அந்தத் தோளில் ஏற்கெனவே ஒரு குண்டுத்துண்டு தங்கியிருந்தால்? புகையும் புழுதியும் அவன் சுவாசிக்கும் காற்றில் நாள்தோறும் கலந்திருக்க, கடுகு வாயு என்ற போர்க்கள நச்சு தின்ற நுரையீரல் அதை எத்தனை ஆண்டு தாங்கும்?

தலைநிமிர்ந்து வாழ்வான் என்றார் நண்பர். வாழ்ந்தவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. நல்ல மண் வாய்த்தவர்களும், போருக்கு முன்பே உழவு தெரிந்தவர்களும், தோளோடு தோள் நின்று பாடுபட்ட மனைவி மக்களைப் பெற்றவர்களும் நிலைத்தார்கள். அந்தப் பெண்கள் சுமந்த சுமைக்கு எந்தப் பதக்கமும் இல்லை என்பதை இந்த அவையில் ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும். ஆனால் சிலர் கரையேறினார்கள் என்பதைக் காட்டி ஓட்டைப் படகைக் கொடுத்தவரைப் புகழ முடியாது.

பெருமந்தம் கெடுத்தது என்ற வாதத்துக்கு என் பதில் ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. விக்டோரியாவில் வீரர் குடியேற்றத்தின் குறைகளை ஆராய அரச விசாரணைக் குழு அமைந்தது 1925-இல். நாடு முழுவதற்குமான நட்டத்தை ஆராய்ந்து நீதிபதி பைக் அறிக்கை தந்தது 1929-இல். சுமார் 2 கோடியே 35 லட்சம் பவுண்டு நட்டம் என்று அவர் கணக்கிட்டார். அதற்கு அவர் காட்டிய காரணங்கள் நான்கு: கையில் மூலதனம் இல்லை, நிலத்துண்டு போதாது, வந்தவர் பலருக்கு உழவு ஒத்துவரவில்லை, விளைபொருள் விலை சரிந்தது. இவற்றுள் முதல் மூன்றும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. பெருமந்தம் பின்னர் வந்தது; அப்போதும் அரசு என்ன செய்தது? 1930-இல் பிரதமர் ஸ்கல்லினின் அரசு, இன்னும் அதிகமாகக் கோதுமை விதையுங்கள், புஷல் என்ற தானிய அளவுக்கு 4 ஷில்லிங் உறுதி என்றது. உழவர்கள் நம்பி விதைத்தார்கள், களம் நிறைந்தது, சந்தை விலை பாதியாகச் சரிந்தது. உறுதியளித்த தொகைக்கான சட்டம் மேலவையில் தோற்றது.

இன்னொன்றையும் கேட்கிறேன். நன்றிதான் நோக்கம் என்றால், அதே அகழியில் நின்ற பூர்வகுடி வீரனுக்கும் அந்த நன்றி போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா? மிகச் சிலரைத் தவிர அவர்களுக்கு இத்திட்டத்தில் நிலம் கிடைக்கவில்லை. அவர்களுடைய முன்னோரின் மண்ணையே துண்டு போட்டு மற்றவர்களுக்கு வழங்கினார்கள். காலி நிலத்தை நிரப்ப வேண்டும், கோதுமை ஏற்றுமதி பெருக வேண்டும், வேலையற்ற வீரர்கள் நகரத் தெருக்களில் கூடிவிடக் கூடாது என்ற கணக்குகளே முன்னின்றன என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பாலத்துக்கு வருகிறேன். நியூசிலாந்தில் வாங்கனூயி ஆற்றை ஒட்டிய மங்காபுருவா பள்ளத்தாக்கு, 1917-இல் தொடங்கி, போரிலிருந்து திரும்பியவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. செங்குத்தான மலைச்சரிவில் அடர்காட்டை வெட்டி, எரித்து, சாம்பலில் புல் விதைத்து ஆடு வளர்த்தார்கள். வேர் போனதும் சரிவு நழுவியது. மழைதோறும் பாதை சரிந்தது. ஆற்றுப் படகும் ஒரு தொங்கு பாலமுமே வெளியுலகத்துக்கு வழி. நிலையான பாலம் கேட்டார்கள். கான்கிரீட் பாலம் 1936-இல் முடிந்தது, அதற்குள் பெரும்பாலோர் நிலத்தைவிட்டுப் போய்விட்டார்கள். 1942-இல் வெள்ளம் பாதையை அடித்துப் போனபோது, இனி அதற்குச் செலவிட முடியாதென்று அரசு கைவிரித்தது. எஞ்சியிருந்த மூன்று குடும்பங்களும் அந்த ஆண்டே வெளியேறின.

எங்கும் செல்லாத பாலம் என்பதே இன்று அதன் பெயர். சுற்றுலாப் பயணிகள் படகில் வந்து, காட்டு வழியே நடந்து, அதன் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். காடு திரும்ப மூடிவிட்ட அந்தப் பள்ளத்தாக்கில், வீடு இருந்த இடத்தில் ஒரு செங்கல் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. நண்பர் அந்தப் பாலத்தை அரசின் நன்றிக்குச் சான்றாகக் காட்டினார். அது கட்டி முடிக்கப்பட்ட ஆண்டையும், அதைக் கடந்து போக அன்று எத்தனை பேர் எஞ்சியிருந்தார்கள் என்பதையும் நடுவர் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.