காலரா நச்சு உள்ளே போகும் வழி

நேயர்களுக்கு வணக்கம். மழைக்காலத்தில் குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்தால் சென்னையில் முதலில் எழுகிற பயம் காலரா. ஆனால் காலராக் கிருமி நம் குடல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. குடலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, வெளியே நின்றே வேலையை முடித்துவிடும். உள்ளே போவது அது சுரக்கும் புரதம். கிருமியை வடிகட்டிவிட்டு மிச்சத் திரவத்தை முயல் குடலில் செலுத்தினாலே நீர் பெருகுகிறது என்று 1959இல் கொல்கத்தாவின் சம்புநாத் டே காட்டினார்.

அந்த நச்சில் ஐந்து ‘பி’ துண்டுகள் வளையமாக நிற்க, அதன்மேல் ஒரு ‘ஏ’ துண்டு அமர்ந்திருக்கிறது. குடல் செல்லின் சவ்வில் ஜிஎம்1 என்றொரு கொழுப்பு உண்டு. அதன் தலையில் சர்க்கரைத் தொடர். ஒவ்வொரு ‘பி’யும் அந்தத் தொடரின் காலக்டோஸையும் சியாலிக் அமிலத்தையும் பற்றுகிறது. ஒரு பிடி நழுவினாலும் மற்ற நான்கும் விடாது.

பிறகு செல்லே சவ்வை மடித்து நச்சை உள்ளிழுக்கிறது. செல்லுக்குள் புரதங்கள் மடிக்கப்படும் இடமான எண்டோபிளாச வலைக்குப் போனதும் ‘ஏ’ துண்டின் ‘ஏ1’ பகுதி பிரிந்து, மடிப்பு அவிழ்கிறது. பழுதான புரதங்களை வெளியேற்ற செல் வைத்திருக்கும் வழியிலேயே செல்லின் உள்திரவமான சைட்டோபிளாசத்துக்கு வந்துவிடுகிறது. அப்படி வருவதை செல் பெரும்பாலும் லைசின் என்ற அமினோ அமிலத்தில் குறியிட்டு அழிக்கும். ‘ஏ1’இல் லைசின் இரண்டே இரண்டு, அதனால் தப்பிவிடுகிறது. கில்லாடிதான்!

அங்கே செல்லுக்குள் செய்தி கடத்தும் ஒரு ஜி புரதத்தை அணையாத சுவிட்சாக மாற்றுகிறது. சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு ஏறும், குளோரைடு குடலுக்குள் வெளியேறும், பின்னாலேயே சோடியமும் நீரும். கடும் நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம்.

1992இல் சென்னையில் ஓ139 என்ற புது வகை தலைகாட்டியது. மேலுறைச் சர்க்கரை மாறியதால் பழைய ஓ1 வகைக்கான எதிர்ப்பாற்றல் பலிக்கவில்லை. நச்சு மட்டும் அதேதான்.

ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே உள்ளே போன நச்சைத் தொடாது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உறிஞ்சப்படும் பாதையை நச்சு கெடுப்பதில்லை, ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பலிப்பது அதனால்தான். ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறும். சர்க்கரையைக் கூட்டினால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு பேதி அதிகமாகும். கொதித்து ஆறிய நீரில் கலக்குங்கள். 24 மணி நேரம் கடந்தால் கொட்டிவிடுங்கள். நோயாளி சோர்ந்து குடிக்க முடியாமல் போனால் காத்திருக்காதீர்கள், மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்ற வேண்டும்.