எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம்

நண்பர்களே, தேசப் பாதுகாப்பா, தனிமனித உரிமையா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. நான் ஒரே ஒரு சட்டப் பிரிவைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. வெள்ளைக்காரன் 1872-இல் போட்ட சாட்சியச் சட்டமே அப்படித்தான் சொன்னது. லாக்கப்பில் தன் போலீஸ் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. 1987-இல் வந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், 15-ஆம் பிரிவில், இதைத் தலைகீழாக்கியது. எஸ்.பி. அந்தஸ்தில் இருக்கும் அதிகாரி எழுதி வாங்கினால் போதும், அது சாட்சியம்.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியோடு, பந்தோபஸ்துக்கு நின்ற போலீசாரும் செத்தார்கள். அந்தக் கொடுமையைச் சின்னதாக்க நான் வரவில்லை. பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது: விசாரணையைச் சந்தித்தவர்கள் 26 பேர், 26 பேருக்கும் தூக்கு. தடா என்பதால் இடையில் உயர் நீதிமன்றம் கிடையாது, மேல்முறையீடு நேரே டெல்லிக்கு. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. தூக்குமேடை வரை போய்த் திரும்பிய 19 பேர்!

அதே தீர்ப்பு, இந்தக் கொலை தடாவில் வரும் பயங்கரவாதக் குற்றமே அல்ல என்றும் சொன்னது. சரி, அப்படியானால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள்? அவை செல்லும் என்றது. தடாவோ 1995-இலேயே காலாவதி ஆகிவிட்டது. சட்டம் செத்துப்போய், அதன் குற்றமும் விழுந்துபோய், வாக்குமூலம் மட்டும் உயிரோடு நின்றது. நான்கு பேருக்குத் தூக்கு, மூன்று பேருக்கு ஆயுள்.

அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. வெடிகுண்டுக்கு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி, ஓய்வு பெற்ற பிறகு, 2013-இல் வாய் திறந்தார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அந்தப் பையன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றார். விசாரிக்கிற தரப்பே எழுதவும் செய்தால் எந்த வாக்கியம் நிற்கும், எந்த வாக்கியம் விழும்? பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2022 மே 18 அன்று.

2002-இல் பொடா என்ற அடுத்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தபோது, இந்தப் பிரிவுக்குக் கொஞ்சம் பட்டி பார்த்து மறுபடி கொண்டுவந்தார்கள். 2004-இல் பொடாவும் போனது. இன்றைய யுஏபிஏவில், அதாவது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில், அந்தப் பிரிவு இல்லை. அது இல்லாமலேயே அரசாங்கம் பயங்கரவாத வழக்குகளை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதில் ஜாமீன் கிடைப்பது எவ்வளவு பாடு என்பதற்கு இன்னொரு கூட்டம் போடுங்கள், வருகிறேன்.