வலிக்காத பலவீனம்

நேயர்களுக்கு வணக்கம்.

தோள்பட்டை பிடித்துக்கொண்டது, இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, நேற்று பளு தூக்கினேன், இன்று கையை அசைக்க முடியவில்லை. தசை சம்பந்தமாக மருத்துவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். வலித்தால் பயம் வருகிறது, உடனே கிளம்பிவிடுகிறோம். நரம்பு, தசை நோய்களைப் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வலி இல்லாமல் வருகிற பலவீனம். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

வலியை முதலில் பார்த்துவிடலாம். பழக்கமில்லாத உடற்பயிற்சி செய்த மறுநாள் உடம்பு வலிப்பதற்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தைவிட்டு நீங்கிவிடும். மறுநாள் வருகிற வலி, தசை நார்களில் உண்டாகும் நுண்ணிய காயங்களாலும் அதையொட்டிய அழற்சியாலும் வருவது. சுமை தாங்கியபடியே தசை நீளும்போது இந்தக் காயம் அதிகம்; மலை ஏறுவதைவிட இறங்கியதற்குத்தான் தொடை அதிகம் வலிக்கும். சில நாளில் தானே ஆறிவிடும்.

வலியோடு சேர்த்து ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிறுநீரின் நிறம். 1941இல் லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களிலிருந்து மீட்கப்பட்ட சிலரைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். கால் மணிக்கணக்கில் நசுங்கிக் கிடந்தவர்கள் அவர்கள். வெளியே எடுக்கும்போது தேறிவிடுவார்கள் போலத்தான் இருந்தது. அதன் பிறகு சிறுநீர் கறுத்துக் குறைந்து, சிறுநீரகம் செயலிழந்தது. நசுங்கிய தசையிலிருந்து மையோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. கடும் வெயிலில் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தாலும், நெடுநேரம் வலிப்பு நீடித்தாலும், நினைவில்லாமல் ஒரே பக்கமாகக் கிடந்தாலும் இது நடக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையாலும் அபூர்வமாக வரும். தசை வலியோடு சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சீக்கிரம் ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றினால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

இனி, வலிக்காத பலவீனம். நரம்பு தசையை நேரடியாகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய ஓர் இடைவெளி இருக்கிறது. நரம்பின் நுனி அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அதில் விடும். தசையிலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொண்டதும் தசை சுருங்கும். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய கியூராரே நஞ்சை வைத்து, 19ஆம் நூற்றாண்டில் கிளாட் பெர்னார்டு தவளையிடம் சோதித்தார். நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையை நேராகத் தூண்டினால் அசைந்தது. தசை கெடவில்லை, உத்தரவுதான் போய்ச் சேரவில்லை.

உடம்பே தனக்கெதிராக அந்த ஏற்பிகளைத் தாக்கினால் வருவது மையஸ்தீனியா கிராவிஸ். காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது. மாலையாக ஆக ஒரு பக்கத்து இமை கீழே இறங்கும், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் பாதியிலேயே தாடை ஓய்ந்துபோகும். பேசப் பேசக் குரல் மூக்கால் வரும். ஓய்வெடுத்தால் திரும்பவும் சரியாகிவிடும். இப்படி வந்து வந்து போவதால் 'மனசுதான் காரணம்' என்ற பட்டத்தோடு ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். ஏனென்றால், சந்தேகம் வந்துவிட்டால் சோதிப்பது எளிது. நோயாளியை ஒரு நிமிடம் மேலே பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வோம். இமை கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். சரிந்த இமைமேல் உறையில் சுற்றிய பனிக்கட்டியை இரண்டு நிமிடம் வைத்தெடுத்தால், பலருக்கு இமை கண்ணெதிரே மேலே போயிருக்கும்.

இதற்கு மருந்து கிடைத்ததிலும் அந்த அம்பு நஞ்சுக்குப் பங்கு உண்டு. 1934இல் மேரி வாக்கர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், இந்த நோய் கியூராரே நஞ்சேறியதைப் போலவே இருக்கிறதே என்று யோசித்தார். கியூராரேவுக்கு மாற்று மருந்தான ஃபைசோஸ்டிக்மைனை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். தொங்கிய இமை எழுந்தது. இன்று நாம் தரும் மாத்திரை அதே வழியில் வந்தது. இந்த நோய் உள்ளவர்கள் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில ஆன்டிபயாட்டிக்குகளும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளும்கூடப் பலவீனத்தைத் திடீரென்று அதிகமாக்கிவிடும்.

அதே இடைவெளியைத் தாக்கும் நஞ்சுகள் ஆண்டுக்கணக்கு எடுத்துக்கொள்வதில்லை. கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. சில மணி நேரத்தில் இமை தொங்கும், விழுங்க முடியாது, மூச்சுத் தசைகள் ஓயும். சரியாகப் பதப்படுத்தாமல் காற்றுப் புகாமல் அடைத்த உணவில் வளரும் பாக்டீரியாவின் பாட்டுலினம் நச்சும் அசெட்டைல்கோலினை வெளியே விடாமல் தடுக்கிறது. கண்ணில் தொடங்கி, தொண்டைக்கு வந்து, கைகாலுக்கு இறங்கும். நினைவு மட்டும் தெளிவாகவே இருக்கும். அந்தப் பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும் என்பதால்தான் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்கிறோம்.

குழந்தைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பையன் ஓடும்போது அடிக்கடி விழுகிறானா? தரையிலிருந்து எப்படி எழுந்திருக்கிறான் என்று பாருங்கள். குப்புறத் திரும்பி, கையையும் காலையும் ஊன்றி, பிறகு முழங்காலில் கைவைத்து, தொடையில் கைவைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. டுஷென் தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். கெண்டைக்கால் பருத்திருப்பதைப் பார்த்து, பிள்ளை பலசாலி என்று பெற்றோர் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் கூடியிருப்பதாக வந்து, கல்லீரல் மருத்துவரிடம் மாதக்கணக்கில் போய்வருகிறவர்களும் உண்டு. அதே நொதிகள் தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியைப் பரிசோதித்தால் விஷயம் தெரிந்துவிடும். 1987இல், தசை நார் சிதையாமல் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இவர்களுக்கு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். நோயை முழுதாக நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் ஸ்டீராய்டு மருந்தால் பையன் இன்னும் சில ஆண்டுகள் நடக்கலாம். இதயத்தை முன்கூட்டியே கவனிக்கலாம், மூச்சுக்குத் துணைக் கருவி கொடுக்கலாம். சீக்கிரம் தெரிந்தால்தான் இதெல்லாம் உரிய நேரத்தில் கிடைக்கும்.

கடைசியாக, வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய ஒன்று. இமை தொங்குகிறது, விழுங்கச் சிரமம் என்று யாராவது சொன்னால், நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில், சாதாரண வேகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். ஆரோக்கியமான பெரியவர் 40, 50 வரை போய்விடுவார். 20க்கு முன்னாலேயே மூச்சு முட்டி நின்றால் மூச்சுத் தசைகள் ஓய்ந்துகொண்டிருக்கின்றன. எண்ணிக்கை நன்றாகவே இருந்தாலும், எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தால் அதுவும் அவசரம்தான். தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

நன்றி, வணக்கம்.