ஏப்ரல் 9: அமெரிக்காவில் ஒரே தேதி, ஒரே வழக்கு

[திரையில்: நாள்காட்டித் தாள், ஏப்ரல் 9]

வணக்கம். அமெரிக்க வரலாற்றில் ஒரு தேதி சொல்லுங்கள் என்றால் பெரும்பாலும் ஜூலை 4 என்றுதான் பதில் வரும். நான் ஏப்ரல் 9-ஐ எடுக்கிறேன். 1942இல் பட்டான் தீபகற்பத்தில் அமெரிக்க, பிலிப்பைன்ஸ் படைகள் ஜப்பானிடம் சரணடைந்ததும், 1959இல் நாசா தன் முதல் ஏழு விண்வெளி வீரர்களை அறிமுகப்படுத்தியதும் இதே தேதிதான். அவற்றை இன்று தொடப் போவதில்லை. ஏனென்றால் இந்தத் தேதியை விடாமல் சுற்றி வருகிற வழக்கு ஒன்று உண்டு: அந்த நாட்டில் யார் முழுக் குடிமகன்?

[திரையில்: 1865, மெக்லீன் வீடு]

வர்ஜீனியாவில் அப்போமேட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ். பெயரைப் பார்த்து நீதிமன்றம் என்று நினைக்க வேண்டாம், அது ஒரு சின்ன கிராமம். உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் முக்கியப் படை சரணடைந்தது அங்கே வில்மர் மெக்லீன் என்பவரின் வீட்டு முன்னறையில். பாவம் அந்த மனிதர். 1861இல் முதல் பெரிய சண்டை மனாசஸில் அவருடைய தோட்டத்தை ஒட்டித்தான் நடந்தது. பிறகுதான் குடும்பத்தோடு இந்த ஊருக்கு வந்தார். போர் இங்கேயும் அவரைத் தேடி வந்துவிட்டது!

தோற்ற தென்படைத் தளபதி ராபர்ட் லீ புத்தம் புதுச் சீருடையில், இடுப்பில் வாளோடு வந்திருந்தார். ஜெயித்த வடபடைத் தளபதி யுலிசஸ் கிராண்டின் பூட்ஸ் முழுக்கச் சேறு; போட்டிருந்தது சாதாரண சிப்பாயின் கோட்டு. நிபந்தனைகள் கடுமையாக இல்லை. ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சொந்தக் குதிரை இருந்தால் உழவுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். பட்டினி கிடந்த லீயின் படைக்கு 25,000 பேருக்கான சாப்பாடும் அனுப்பப்பட்டது. எல்லாம் முடிந்ததும் அதிகாரிகள் மெக்லீன் வீட்டுச் சாமான்களை நினைவுப் பொருளாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஷெரிடன் என்ற தளபதி ஒரு மேஜைக்கு 20 டாலர் கொடுத்தார்.

அந்த அறையில் நான் கவனிக்கச் சொல்வது வேறொருவரை. சரணடைவு ஆவணத்தின் இறுதிப் பிரதியை எழுதியவர் கிராண்டின் உதவி அதிகாரி ஈலை பார்க்கர், செனெக்கா பழங்குடியைச் சேர்ந்தவர். சட்டம் படித்தவர். ஆனால் குடிமகன் இல்லை என்று சொல்லி அவரை வழக்கறிஞராக விடவில்லை.

[திரையில்: 1866, நாடாளுமன்றம்]

சரியாக ஒரு வருடம் கழித்து, ஏப்ரல் 9, 1866. சிவில் உரிமைச் சட்டத்தை அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் திருப்பி அனுப்பிவிட்டார். பிரதிநிதிகள் சபை அன்று 122க்கு 41 என்று வாக்களித்து, அவர் தடையை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்காவில் பிறந்தவர்கள் குடிமக்கள். வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் போடலாம், சொத்து வாங்கலாம், விற்கலாம். யாருக்கு இது இல்லை? வரி கட்டாத பழங்குடியினருக்கு. பார்க்கரின் மக்கள்! பழங்குடியினர் எல்லோருக்கும் குடியுரிமை வர 1924 ஆனது. சொத்து பற்றிய அந்த வாசகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: 1939, லிங்கன் நினைவிடம்]

ஐரோப்பா கொண்டாடிய பாடகி மேரியன் ஆண்டர்சன். வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹாலில் பாட இடம் கேட்டபோது, அதன் உரிமையாளர்களான ஒரு மகளிர் சங்கம் மறுத்தது. காரணம், அவர் கறுப்பர். அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்தே விலகினார். உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கிஸ் லிங்கன் நினைவிடத்தின் படிக்கட்டைத் திறந்துவிட்டார். 1922இல் அந்த நினைவிடத் திறப்பு விழாவிலேயே கறுப்பர்களைத் தனியாக உட்கார வைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. குளிருக்கு மேல்கோட்டு போட்டபடியே பாடினார். எதிரே சுமார் 75,000 பேர், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து. வானொலியில் கேட்டவர்கள் தனி.

1947இல் இதே நாள் எட்டுக் கறுப்பர்களும் எட்டு வெள்ளையர்களும் வாஷிங்டனிலிருந்து பஸ் ஏறித் தெற்கே கிளம்பினார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்ஸில் இனவாரி இருக்கை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் முந்தின வருடமே சொல்லியாகிவிட்டது. ஓட்டுநர்கள் கேட்கிறார்களா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். கேட்கவில்லை. வழியில் கைதுகள் நடந்தன. பயணம் போனவர்களில் ஒருவரான பயார்ட் ரஸ்டினுக்கு வட கரோலினாவில் சாலை வேலைக் கைதியாகத் தண்டனை கிடைத்தது.

[திரையில்: 1968, அட்லாண்டா]

ஏப்ரல் 4 அன்று சுடப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்குக்கு, 9ஆம் தேதி இறுதிச் சடங்கு. கோவேறு கழுதைகள் இழுத்த பண்ணை வண்டியில் உடல் போனது. ஜார்ஜியா மாநில ஆளுநர் லெஸ்டர் மேடாக்ஸ் வரவில்லை. காவலர்கள் சூழ மாநில அரசின் தலைமைக் கட்டடத்துக்குள்ளேயே இருந்துகொண்டார். தன் உணவகத்தில் கறுப்பர்களை உட்கார வைப்பதை விடக் கடையை மூடுவதே மேல் என்று மூடியவர் அவர்.

அப்புறம் ஜூனில் செயின்ட் லூயிஸ் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கறுப்பர் என்பதால் ஒருவருக்கு வீடு விற்க மறுத்திருந்தார்கள். நீதிபதிகள் 1866ஆம் வருடத்துச் சட்டத்தின் சொத்து பற்றிய அந்த வாசகத்தையே எடுத்து, தனியார் விற்பனைக்கும் இது பொருந்தும் என்றார்கள். 102 வருடமாக அது சட்டப் புத்தகத்தில்தான் இருந்தது.