பூனைக்கு எஃப்ஐவி பாசிட்டிவ் என்று வந்தால்

(திரையில்: எஃகு மேஜை மேல் உள்ளங்கை அளவு வெள்ளைப் பிளாஸ்டிக் கிட்)

வணக்கம். பூனையின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் எஃப்ஐவி என்ற வைரஸ் தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் கிட் இது, கொஞ்சம் கவனியுங்கள். சின்னக் குழாயில் பூனையின் ரத்தம் மூன்று சொட்டு, மேலே நான்கு சொட்டு மருந்து நீர். கலக்கி இந்தக் குழியில் ஊற்றுகிறார் டாக்டர். நீர் மெல்ல ஊர்ந்துபோய் அந்தக் கோடியில் இருக்கும் வட்டத்தைத் தொட்டதும் கிட்டை அழுத்துகிறார். டக் என்று ஒரு சத்தம். அப்புறம் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

எங்கள் சாம்பலுக்கு இந்தச் சோதனை செய்தபோது, பத்து நிமிடம் முடிவதற்குள்ளேயே இரண்டாவது நீலப் புள்ளி தெரிந்துவிட்டது, அதாவது எஃப்ஐவி பாசிட்டிவ். சாம்பல் மொட்டை மாடிக்குத் தானாக வந்து சேர்ந்த கடுவன். உப்பிய கன்னம், கிழிந்த காது, தெருச் சண்டைக்காரன். முன்னங்காலில் கடிபட்ட இடம் சீழ் கட்டியிருந்ததால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்த ஒருவர், "இது பூனை எய்ட்ஸ். ரொம்ப நாள் தாங்காது, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம்" என்றார். நான் அழுதுகொண்டே அவனை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். நான்கு வருடம் ஆகிறது. இதை நான் பேசும்போது சாம்பல் ஜன்னல் திண்டில் படுத்திருக்கிறான்.

அந்த முதல் நாள் சாயங்காலம் எடுக்கும் அவசர முடிவில்தான் நிறையப் பூனைகள் உயிரை விடுகின்றன. அதனால்தான் இந்த வீடியோ. பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காகப் பூனையைக் கொல்லக் கூடாது என்பதே இன்று கால்நடை மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு.

(திரையில்: கலிபோர்னியாவின் வரைபடம், பெட்டலூமா)

1986-இல் அமெரிக்காவின் பெட்டலூமாவில் நிறையப் பூனைகள் வளர்த்த ஒரு இடத்தில், ஒரே கூண்டில் இருந்த பூனைகள் ஒவ்வொன்றாக நலிந்து செத்தன. டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ குழுவினர் அந்தப் பூனைகளிடமிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து, 1987-இல் அறிவித்தார்கள். அதுதான் எஃப்ஐவி. மனிதர்களைத் தாக்கும் எச்ஐவியும் இதுவும் ஒரே வகை. இரண்டும் உடம்புக்குள் நுழைந்து, வருடக்கணக்கில் மெதுவாக வேலை செய்து, நோய் எதிர்ப்பை நடத்தும் வெள்ளணுக்களைக் குறைக்கும்.

உறவு அவ்வளவுதான். எஃப்ஐவி மனிதர்களுக்கு வராது. இத்தனை வருடங்களாகக் கடியும் கீறலும் வாங்கும் கால்நடை மருத்துவர்களில்கூட ஒருவருக்கும் வந்ததில்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, மாமியார் பயப்படுகிறார் என்றால் இதை அவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள். பூனை கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது எல்லாப் பூனைக்கும் பொருந்தும். அது ரேபிஸுக்காக, கடியில் வரும் சீழுக்காக.

ஒரு பூனையிடமிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது? பெரும்பாலும் ஆழமான கடியில். வைரஸ் எச்சிலில் இருக்கிறது. கோரைப்பல் தோலைத் துளைத்துச் சதைக்குள் எச்சிலை இறக்கும்போது அதுவும் இறங்குகிறது. கருத்தடை செய்யாத, வெளியே சுற்றும் கடுவன்களுக்கு இது அதிகம் வருவது அதனால்தான். தாயிடமிருந்து குட்டிக்குப் போவது அபூர்வம். ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒன்றையொன்று நக்குவது, ஒரே மணல் தட்டில் போவது ஆகியவற்றால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது, சாதாரண சோப்பே போதும். அதனால் வீட்டில் வேறு பூனை இருந்து, இரண்டும் சண்டையில்லாமல் பழகினால், பிரிக்கத் தேவையில்லை. கடித்துக்கொள்ளும் ஜோடி என்றால் மட்டும் தனி அறை. புதுப் பூனை எதையும் இப்போதைக்குக் கொண்டுவராதீர்கள்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு வைரஸ் உண்டு: எஃப்இஎல்வி, பூனை ரத்தப் புற்று வைரஸ். அது நக்குவதாலும் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதாலும் பரவும், இதைவிடக் கடுமையானது. ஒரே கிட்டில் இரண்டையும் பார்ப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் எதன் பக்கத்தில் இருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள்.

(திரையில்: கிட், நீலப் புள்ளிகள் நெருக்கத்தில்)

இப்போது அந்தப் புள்ளிக்கு வருவோம். எஃப்ஐவியைப் பொறுத்தவரை இந்த கிட் வைரஸைத் தேடுவதில்லை. வைரஸை எதிர்த்துப் பூனையின் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் மூன்று விஷயம் தெளிவாகும்.

ஒன்று, குட்டிகள். பாசிட்டிவ் தாயின் பாலைக் குடித்த குட்டிக்குத் தாயின் எதிர்ப்பொருள் வந்திருக்கும், வைரஸ் பெரும்பாலும் வந்திருக்காது. ஆனாலும் கிட் பாசிட்டிவ் காட்டும். ஆறு மாதம் ஆகாத குட்டிக்குப் பாசிட்டிவ் வந்தால் அதை முடிவாக எடுக்காதீர்கள். ஆறு மாதம் தாண்டியதும் மறுபடி பாருங்கள், பல குட்டிகள் நெகட்டிவ் ஆகிவிடும். இந்த ஒரு தகவல் தெரியாமல் கைவிடப்பட்ட குட்டிகளை நினைத்தால் மனது தாங்குவதில்லை.

அடுத்தது, போன வாரம் கடிபட்ட பூனை. அதன் உடம்பு இன்னும் எதிர்ப்பொருள் தயாரித்திருக்காது. இன்று நெகட்டிவ் வந்தாலும் அறுபது நாள் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். மூன்றாவது, தடுப்பூசி. அமெரிக்காவில் 2002-இல் எஃப்ஐவிக்கு ஒரு தடுப்பூசி வந்து, 2015 வாக்கில் நிறுத்தப்பட்டது. அதைப் போட்ட பூனைக்கும் பாசிட்டிவ் காட்டும். வெளிநாட்டிலிருந்து வயதான பூனையைக் கூட்டிவந்தவர்கள் பழைய தடுப்பூசி அட்டையைப் பார்க்கவும். சந்தேகம் இருந்தால் லேபில் பிசிஆர் (வைரஸின் மரபணுவையே தேடும் சோதனை) போன்ற இரண்டாவது சோதனை கேட்கலாம்.

சரி, நிஜமாகவே பாசிட்டிவ். இனி என்ன ஆகும்? வைரஸ் நுழைந்த முதல் சில வாரங்களில் லேசான காய்ச்சல், நிணநீர்க் கணு வீக்கம். பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதன்பின் நீண்ட அமைதி, பல வருடம். சில பூனைகள் அந்த அமைதியிலேயே வாழ்ந்து, வயதாகி, வேறு காரணத்தால் போய்ச் சேருகின்றன. சிலவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து சளி, தோல் புண், பேதி, எடைக் குறைவு, அபூர்வமாகப் புற்று.

நான் அதிகம் பயப்படுவது வாய்க்குத்தான். ஈறும் தொண்டையோரமும் செக்கச் செவேலென்று வீங்கிவிடும். சாம்பல் பசியோடு ஓடிவருவான், ஒரு வாய் எடுப்பான், வீல் என்று கத்தித் தலையை உதறிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவான். தாடையோரம் எச்சில் ஒழுகும், கிட்டப் போனால் நாற்றம். நக்கிச் சுத்தம் செய்யாததால் முடி திரிதிரியாக நிற்கும். நான் முதலில் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்து பிராண்டை மாற்றிக்கொண்டிருந்தேன், இரண்டு வாரம் வீணானது. கடைசியில் கடைவாய்ப் பற்கள் அத்தனையையும் மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். கேட்கவே கொடுமையாக இருந்தது. ஒரு மாதத்தில் அவன் கடைவாய்ப் பல்லில்லாத வாயால் உலர் தீவனத்தை முழுங்கிக்கொண்டிருந்தான். கன்னம் மறுபடி உப்பியது.

(திரையில்: புறா வலை போட்ட பால்கனியில் பூனை)

வீட்டில் மாற்றவேண்டியது: கருத்தடை கட்டாயம். வெளியே விடக் கூடாது, அது மற்ற பூனைகளுக்கும் பாதுகாப்பு, உங்கள் பூனைக்கும் தெருக் கிருமிகளிலிருந்து பாதுகாப்பு. பால்கனியில் புறாவுக்குப் போடும் வலையே போதும், ஓரம் மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். மீன்காரர் கொடுக்கும் தலை, செவுள், குடல், பச்சைக் கோழி எதுவும் வேகவைக்காமல் கூடாது. தெள்ளுப்பூச்சி மருந்து தவறாமல் போடுங்கள். வழக்கமான தடுப்பூசிகளையும் ரேபிஸ் ஊசியையும் டாக்டர் சொன்ன கணக்கில் போடுங்கள்.

காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். படர்தாமரைக்கு கிரிசியோஃபல்வின் எழுதினால், எஃப்ஐவி இருக்கிறது என்று உடனே சொல்லுங்கள். இந்தப் பூனைகளில் அது எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். எச்ஐவிக்குக் கொடுக்கும் ஜிடோவுடினைச் சில பூனைகளுக்கு, முக்கியமாக வாய்ப்புண்ணுக்கு, கொடுப்பதுண்டு. ரத்தசோகை வரலாம் என்பதால் இடையிடையே ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். வைரஸை அடியோடு விரட்டும் மருந்து கிடையாது, அப்படிச் சொல்லி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை எடை. பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழியுங்கள். காலண்டரில் எழுதுங்கள். நாலு கிலோப் பூனைக்கு இருநூறு கிராம் குறைந்தாலும் கவனிக்க வேண்டியதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் வாய், நிணநீர்க் கணுக்கள், ரத்தம், சிறுநீர் எல்லாம் காட்ட வேண்டும்.

சாம்பலுக்கு அடுத்த பரிசோதனை வரும் மாதம். கூடையை இப்போதே கூடத்தில் திறந்து, உள்ளே அவனுடைய பழைய துண்டை விரித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவனைத் துரத்திப் பிடிக்கும்படி ஆகக் கூடாது. நேற்று மத்தியானம் தானாகவே உள்ளே போய்த் தூங்கினான்.