ஏரா, வங்கு, அணியம்

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் உட்கார்ந்து கப்பலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வீட்டிலேயே சிரித்தார்கள். நியாயம்தான். பாலாறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது. தண்ணீர் நிற்பது கோட்டை அகழியில். ஆனாலும் ராணிப்பேட்டையில் வெல்டிங் பழகி, கப்பல் கட்டும் தளத்துக்குப் பிழைக்கப் போனவன் நான்.

போன முதல் வாரம், "போர்ட் சைடுல பிராக்கெட்டை ஒட்டுப்பா" என்றார் மேஸ்திரி. போர்ட் என்றால் இடது என்று தெரியும். கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்து நின்றுகொண்டு, என் இடது கைப்பக்கம் ஒட்டிவிட்டேன். அணியத்தை, அதாவது கப்பலின் முன்பாகத்தை, பார்த்து நின்றால் இடது எதுவோ அதுதான் போர்ட், வலது ஸ்டார்போர்ட். நாம் எப்படித் திரும்பினாலும் அது மாறாது. ஒட்டியதை அறுத்தெடுக்க அரை நாள் போயிற்று.

கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைக்கு ஏரா என்றும், அதிலிருந்து விலா எலும்பு மாதிரி எழும்புபவற்றுக்கு வங்கு என்றும் தமிழில் பெயர். தளத்தில் நாங்கள் கீல், ஃப்ரேம் என்போம். இரும்புக் கப்பலில் கீல் பெரும்பாலும் தட்டையான தடித்த தகடுதான். வெளி ஓட்டில் நீளவாக்கில் போகும் ஒவ்வொரு தகட்டு வரிசையும் ஒரு ஸ்ட்ரேக். அடிப்பகுதி வளைந்து பக்கவாட்டில் ஏறும் இடம் பில்ஜ்.

மேல்தளம் ஆள் நடக்கப் போட்ட தரை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அலையின் முகடு கப்பலின் நடுவில் வந்தால் இரண்டு முனைகளும் தொங்கும், மேல்தளம் இழுபடும். அது ஹாகிங். முனைகள் இரண்டும் முகட்டில் ஏறி, கயிற்றுக் கட்டில் மாதிரி நடு தொய்ந்தால் சாகிங். அப்போது மேல்தளம் நெரிபடும். இந்த இரண்டையும் மாறி மாறித் தாங்குவதில் கீலுக்கு உள்ள பங்கு மேல்தளத்துக்கும் உண்டு.

1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புது எண்ணெய்க் கப்பல், அலையே இல்லாத துறையில் கட்டி நிறுத்தியிருந்தபோதே நடுவில் பிளந்தது. வெல்டில் குறை, குளிரில் நொறுங்கும் எஃகு. தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங்கில் எல்லாம் ஒரே தகடு மாதிரிதானே, நிற்காமல் ஓடிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல்களில் சரக்கு இறக்கும் ஹேட்ச் வாயின் சதுர மூலைகளிலிருந்து பல விரிசல்கள் கிளம்பின. மூலையை வளைத்து வெட்டும் வழக்கம் அதன் பிறகுதான் அழுத்தமாக வந்தது. இப்போதும் எந்தக் கப்பலில் ஏறினாலும் என் கை முதலில் அந்த மூலையைத்தான் தடவும்.

அப்புறம், ஏற்றக் கோடுகள். எவ்வளவு அமிழலாம் என்று பக்கவாட்டில் பொறித்திருப்பார்கள். அதில் எஃப் என்ற கோடு நன்னீருக்கானது. கடல்நீருக்கான கோட்டைவிடச் சற்று மேலே இருக்கும். நன்னீர் லேசானது, அதே சரக்கோடு கப்பல் இன்னும் கொஞ்சம் இறங்கும். நம் அகழியில் கப்பல் விட்டால் அந்தக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். வணக்கம்.