டப்பா எத்தனை லிட்டர்?

வணக்கம் நேயர்களே.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் "காருக்கு எஞ்சின் ஆயில் குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் முதலில் "என்ன வண்டி?" என்பார். அடுத்து "மூணா, மூணரையா, அஞ்சா?" என்பார். முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. இரண்டாவதுக்குத்தான் பலரும் "எது லாபமோ அதையே குடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். எது லாபம் என்பதைக் கடைக்காரரால் சொல்ல முடியாது. உங்கள் எஞ்சின் எவ்வளவு குடிக்கும், மிச்சம் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்ற இரண்டும் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

முதலில் எஞ்சின் ஆயில். வண்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஆயில் கொள்ளளவு போட்டிருக்கும். அங்கே பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும். ஃபில்டர் மாற்றாமல் ஊற்றினால் ஒரு அளவு, ஃபில்டரும் மாற்றினால் இன்னொரு அளவு. சில கையேடுகளில் காய்ந்த எஞ்சினுக்கு மூன்றாவதாக ஒரு எண்ணும் உண்டு. அது எஞ்சினைப் பிரித்துக் கோர்த்தால் மட்டும் வேண்டியது, நமக்கல்ல. நமக்கு வேண்டியது ஃபில்டரோடு மாற்றும் அளவு. "1.2 லிட்டர் எஞ்சின்" என்று சொல்கிறோமே, அது ஆயில் அளவு அல்ல. அப்படிப்பட்ட சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் 3 முதல் 3.7 லிட்டர் வரை ஆயில் பிடிக்கும். 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் என்றால் ஏறக்குறைய 5. இன்னோவா கிரிஸ்டா போன்ற பெரிய டீசல் வண்டிகளில் 7 லிட்டரைத் தாண்டும். கடைகளில் 3, 3.5, 4, 5, 7.5 என்று டப்பாக்கள் வருவது இந்த எஞ்சின்களை மனதில் வைத்துத்தான்.

ஒரு கணக்கு போடுவோம். விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் வண்டிக்கு 3.1 லிட்டர் வேண்டும். 3.5 லிட்டர் டப்பா 1,400 ரூபாய், அதாவது லிட்டர் 400. 5 லிட்டர் டப்பா 1,900 ரூபாய், லிட்டர் 380. பார்த்ததும் கை 5 லிட்டர் டப்பாவுக்குத்தான் போகும். ஆனால் எஞ்சினுக்குள் போவது 3.1 மட்டும். மீதி 1.9 லிட்டர் அலமாரியிலேயே கிடந்து வீணானால், ஊற்றிய ஆயில் லிட்டருக்கு 613 ரூபாய் ஆகிறது. 3.5 டப்பாவில் அதே கணக்குப்படி 452. போதாததற்கு, அடுத்த ஆயில் சேஞ்சுக்கு அந்த 1.9 லிட்டரோடு ஒரு லிட்டர் டப்பா வாங்கினாலும் 2.9 தான் சேரும். 200 மில்லி குறையும். மூன்று லிட்டர் டப்பாவும் ஒரு லிட்டர் டப்பாவுமாக வாங்கினாலோ, 100 மில்லி குறையை நிரப்ப ஒரு முழு டப்பாவை உடைக்க வேண்டியிருக்கும். ஆக, கையேட்டில் உள்ள எண்ணுக்குச் சற்று மேலே எந்த டப்பா இருக்கிறதோ அதுதான் உங்கள் டப்பா. 5 லிட்டர் டப்பா 4.8 பிடிக்கும் எஞ்சினுக்கு அருமையான தேர்வு, 3.1 பிடிக்கும் எஞ்சினுக்கு அல்ல.

ஒரே வகை ஆயில் போடும் இரண்டு கார் வீட்டில் இருந்தால் கணக்கு மாறும். அப்போது 7.5 லிட்டர் டப்பா ஒன்றையே இரண்டுக்கும் பங்கிடலாம். ஒரே வகை என்றால், ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிக்கும் 5டபிள்யூ-30 போன்ற எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது. டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி உள்ள பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். அதே 5டபிள்யூ-30 எண் கொண்ட சாதாரண ஆயிலை ஊற்றினால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கையேட்டில் போட்டிருக்கும் தர எழுத்துகளும் டப்பாவின் பின்பக்க எழுத்துகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகுதான் அளவைப் பற்றிப் பேச வேண்டும்.

மீந்த 400 மில்லியை என்ன செய்வது? மூடியை இறுக்கி, நிழலில், நிமிர்த்தி வையுங்கள். திறந்த தேதியை டப்பா மேல் எழுதுங்கள். அடுத்த சேஞ்சுக்குள் டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில், ஆயில் இறங்கினால் டாப் அப் செய்ய அது உதவும். பல கார்களில் டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர்தான். 400 மில்லி என்பது அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஓராண்டு தாண்டியதை எஞ்சினில் ஊற்றாதீர்கள். கேட் கீல், சைக்கிள் செயின் என்று அதற்கு வேறு வேலை இருக்கிறது.

மீந்த கார் ஆயிலை பைக்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நம் ஊர் பைக்குகளில் கிளட்ச், எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு ஓடுகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்ந்திருக்கும். அவை கிளட்ச் பிளேட்டில் படிந்தால் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறி இருப்பது இதற்காகத்தான். பைக்குக்கு 900 மில்லி, 1 லிட்டர், ஸ்கூட்டருக்கு 800 மில்லி என்று தனித்தனியாகக் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் ஒரு சேஞ்சுக்கு ஒரு டப்பா என்ற கணக்கு.

விலை ஒப்பிடும்போது ஒரு சின்னப் பொறி. இப்போது டப்பாவில் எம்.ஆர்.பி.யோடு அலகு விலையும் போடுகிறார்கள். ஒரு லிட்டருக்குக் குறைந்த டப்பாவில் அது மில்லி கணக்கில் இருக்கும், பெரியதில் லிட்டர் கணக்கில். 900 மில்லி டப்பாவில் "மில்லிக்கு 42 பைசா" என்று கண்டால் ஆயிரத்தால் பெருக்குங்கள்: லிட்டர் 420 ரூபாய். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் டப்பாக்கள் "குவார்ட்" கணக்கில் வருகின்றன. ஒரு குவார்ட் 946 மில்லி. நாலு டப்பா வாங்கினால் 4 லிட்டர் வந்துவிட்டது என்று நினைப்போம்; வந்திருப்பது 3.78.

ஊற்றும்போது முழு அளவையும் ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டாம். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். 3.1 வேண்டுமென்றால் முதலில் 2.8 ஊற்றுங்கள். டப்பாவின் ஓரத்தில் ஒளி ஊடுருவும் பட்டையில் அளவுக்கோடு இருக்கும். எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள்; ஆயில் ஃபில்டருக்குள் போய் நிரம்பட்டும். ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மேல்கோடு வரை கொண்டுவாருங்கள். "மிச்சம் எதற்கு, சேர்த்து ஊற்றிவிடு" என்று டப்பாவைக் காலி செய்தால் எஞ்சினின் அடியில் உள்ள கிராங்க் தண்டு சுழலும்போது ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரையில் காற்று இருப்பதால் ஆயில் பிரஷர் குறையும், சீல்களில் கசிவு தொடங்கும்.

அடுத்து பிரேக் ஆயில். இங்கே சட்டம் தலைகீழ்: சின்ன டப்பாதான் சிக்கனம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியைத் தாங்கினாலே தரத்தில் தேறியதாகக் கணக்கு. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக் சூடேறி அந்த ஆயில் கொதித்தால், குழாயில் நீராவிக் குமிழ் உண்டாகி பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். சீல் உடைத்த பாட்டிலில் மிஞ்சியதை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கக் கூடாது என்பது இதனால்தான். முழுதாக மாற்ற ஒரு காருக்கு 500 மில்லி முதல் 1 லிட்டர் வரை செலவாகும். ஒரு லிட்டர் பாட்டில் வாங்குவதைவிட அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்குங்கள். முதல் பாட்டிலிலேயே நாலு சக்கரமும் முடிந்துவிட்டால் இரண்டாவது சீல் உடையாமல் இருக்கும். டாப் அப்புக்கு 250 மில்லி போதும். அதிலும் ஒரு எச்சரிக்கை: ஆயில் மட்டம் இறங்கினால் பெரும்பாலும் பிரேக் பேடு தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ கசிகிறது. காரணம் பார்க்காமல் ஊற்றாதீர்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் வாங்குகையில் டப்பாவில் உள்ளது கலந்ததா, கலக்க வேண்டியதா என்று முதலில் பாருங்கள். கலக்க வேண்டியது ஒன்றுக்கு ஒன்று என்றால் 1 லிட்டர் டப்பா 2 லிட்டராகும். ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்றும் வருகின்றன. விலையை ஒப்பிடுவது கலந்த பிறகு வரும் லிட்டரை வைத்துத்தான். கலக்க டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். போர் தண்ணீரை ஊற்றினால் கெட்டில் அடியில் படியும் உப்பு ரேடியேட்டரிலும் படியும்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கொள்ளளவு 5 லிட்டர் என்று வையுங்கள். ரேடியேட்டரின் அடியில் திறந்தால் 3 லிட்டர்தான் வடியும். 2 லிட்டர் எஞ்சினுக்குள்ளேயே நிற்கும். தண்ணீர் விட்டு அலசியிருந்தால் அந்த 2 லிட்டரும் தண்ணீர். அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் 3 லிட்டர் ஊற்றினால் உள்ளே சேரும் அசல் கூலண்ட் 1.5 லிட்டர், 30 சதவீதம். சரியான வழி, கலக்காத கூலண்ட் 2.5 லிட்டரும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டரும் ஊற்றுவது. எனவே அலசி மாற்றுபவர்கள் கலக்காததை வாங்குங்கள். டாப் அப் மட்டும் செய்பவர்களுக்குக் கலந்தது ஒரு லிட்டர் போதும். மீந்ததைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், நிறமும் பார்க்க அழகு, விஷம். குழந்தைகளும் நாயும் உள்ள வீடுகளில் இதை மறக்காதீர்கள்.

கண்ணாடி கழுவும் திரவத்துக்கு ஐந்து லிட்டர் கேன் நம் ஊருக்குத் தேவையில்லை. அடர்த்தியான சின்ன பாட்டிலும் தண்ணீரும் போதும்.

யூரியா, டெஃப், ஆட்புளூ என்று பல பெயரில் சொல்லும் திரவத்துக்கு வருவோம். பிஎஸ்6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகையின் மாசைக் குறைக்க இதைத் தனி டேங்கில் ஊற்றுகிறோம். 32.5 சதவீத யூரியா, மீதி தூய நீர். 10 லிட்டர், 20 லிட்டர் பக்கெட்டில் கிடைக்கும்; 20 தான் மலிவு. ஆனால் இதற்கான ஐஎஸ்ஓ 22241 தரம் சேமிப்புக் காலத்தை வெப்பத்தை வைத்துச் சொல்கிறது: 25 டிகிரியில் 18 மாதம், 30 டிகிரியில் 12 மாதம், 35 டிகிரியில் 6 மாதம். தகரக் கூரை போட்ட ஷெட்டில், ஏப்ரல் மே மாதங்களில் 35 டிகிரி என்பது காலை நேரத்து வெப்பம். ஆகவே உற்பத்தி மாதத்தைப் பார்த்து, மூன்று மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். எஞ்சின் ஆயில் ஊற்றிய புனலால் இதை ஊற்றக் கூடாது.

சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதம் பத்து வண்டி, தலைக்கு 3.5 லிட்டர் என்றால் 35 லிட்டர். 210 லிட்டர் பேரல் தீர ஆறு மாதம் ஆகும். வருகிற வண்டிகள் வெவ்வேறு தர ஆயில் கேட்கும் கடைக்கு 20 லிட்டர் பக்கெட்டே வசதி. பேரல்தான் என்றால் வெளியே நிமிர்த்தி வைக்காதீர்கள். மழைநீர் மேல்மூடியில் தேங்கும். பகலில் சூட்டில் ஆயில் விரிந்து காற்றை வெளியே தள்ளும். இரவில் சுருங்கும்போது மூடி வழியே அந்தத் தண்ணீரை உள்ளே இழுக்கும். படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி நிலைகளில் இருக்குமாறு திருப்புங்கள். அப்போது மூடிகளை உள்ளிருந்து ஆயிலே அடைத்திருக்கும்.

காலி டப்பாவை அப்படியே பழைய பொருள் கடைக்குப் போடாதீர்கள். பெயர் பெற்ற கம்பெனி டப்பாவில் கண்டதை நிரப்பி விற்பவர்களுக்கு அதுதான் மூலப்பொருள். அடியில் ஒரு ஓட்டை, லேபிளில் ஒரு கத்திக் கீறல், மூடியைத் தனியாக எறிந்துவிடுதல், இவ்வளவு போதும். வடித்த பழைய ஆயிலுக்கு ஒரு டப்பாவை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, அதில் ஊற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

நன்றி, வணக்கம்.